இருநூற்றுப் பதினான்காம் பக்கம்

எங்கள் கல்லூரியில் கூட்டத்துக்குத் தன் நாற்காலியைத் தானே தூக்கிக்கொண்டு வருகிற ஒரே ஆள் ட்வைலா ரென்னர்தான். மடக்கு நாற்காலி. தபால் அறையிலிருந்து நூலகத்தின் கண்ணாடி அறை வரை, பனி கொட்டினாலும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்தே வருவார். மேஜையைச் சுற்றி எட்டு நாற்காலிகள் கிடக்கின்றன. அவற்றில் அவருக்கு இடமில்லை என்று டீன் எழுத்திலேயே கொடுத்துவிட்டார். அதனால் சுவரோரமாக நாற்காலியை விரித்து உட்கார்ந்து, கம்பளிக் குல்லாயைக் கழற்றி மடியில் வைத்துக்கொள்வார். குழுக் கூட்டங்களுக்குக் கல்லூரியைச் சேர்ந்த யாரும் வந்து உட்காரலாம் என்று எங்கள் கையேட்டில் ஒரு வரி இருக்கிறது. அந்த வரிக்குச் சிவப்புக் கோடு போட்ட பிரதி ஒன்று எப்போதும் அவருடைய கோட்டுப் பையில் இருக்கும்.

ஓட்டே இல்லாதவர் எதற்கு வருகிறார் என்று கேட்பீர்கள். ஒரே ஒரு கேள்வி கேட்கத்தான் வருகிறார். அந்தக் கேள்விக்குப் பயந்துதான் நாங்கள் எட்டுப் பேரும் இப்போதெல்லாம் புத்தகத்தைக் கடைசிப் பக்கம் வரை படிக்கிறோம். என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். என் பெயர் ஆர்லன் வெட்சல், கணக்கு வாத்தியார். இருபது வருடமாக இந்தக் குழுவில் குப்பை கொட்டுகிறேன்.

குழுவின் வேலை சின்னதுதான். முதலாண்டில் சேரப்போகும் பிள்ளைகள் எல்லாருக்கும் பொதுவாக ஒரு புத்தகத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஜூனில் அது அவர்கள் வீட்டுக்குத் தபாலில் போகும். விடுமுறையில் படித்துவிட்டு வரவேண்டும். செப்டம்பர் முதல் வாரம் எழுதியவரே வந்து கூடைப்பந்து அரங்கில் பேசுவார். ஆகையால் எழுதியவர் உயிரோடு இருக்கவேண்டும், எங்கள் ஒஹாயோ மாநிலத்துக்கு வரச் சம்மதிக்கவேண்டும், புத்தகம் முந்நூறு பக்கத்தைத் தாண்டக்கூடாது. இவ்வளவுதான் விதி. புத்தகத்தைத் தேர்ந்தெடுக்கிறவர்கள் அதைப் படித்திருக்கவேண்டும் என்று விதியில் எங்கும் இல்லை. அது சொல்லாமலே விளங்கும் என்று அந்தக் காலத்தில் விதியை எழுதியவர்கள் நினைத்திருப்பார்கள், பாவம்.

அப்போதெல்லாம் நாங்கள் நாற்பது பக்கம்தான் படிப்போம். மனசாட்சி உறுத்துகிறவர்கள் அறுபது. பிறகு செவ்வாய்க்கிழமை சாண்ட்விச் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு, "இது நல்ல உரையாடலைத் தொடங்கி வைக்கும் புத்தகம்" என்போம். எங்கள் வட்டாரத்தில் அதற்கு 'நான் இன்னும் படிக்கவில்லை' என்று அர்த்தம். யார் எவ்வளவு படித்தார் என்று யாரும் யாரையும் கேட்பதில்லை. அடுத்தவர் தட்டை எட்டிப் பார்ப்பதைப் போல அது மரியாதைக் குறைவு.

ட்வைலா கேட்கவேண்டிய அவசியமே இருந்ததில்லை. கூட்டம் முடிந்ததும் மாதிரிப் பிரதிகள் தபால் அறைக்குத்தான் திரும்பிப் போகும். புத்தகத்தின் முதுகைப் பார்த்தே அவர் சொல்லிவிடுவார். ஒருமுறை என் பிரதியைக் கையில் வாங்கிக் கட்டைவிரலால் தடவிவிட்டு, "முப்பத்தெட்டாம் பக்கத்துல தூங்கிட்டீங்க போலிருக்கே, கணக்கு?" என்றார். நான் உண்மையிலேயே முப்பத்தெட்டாம் பக்கத்தில்தான் தூங்கியிருந்தேன்.

என்னை அவர் கூப்பிடுவதே 'கணக்கு' என்றுதான்.

பதினேழு வருடத்துக்கு முன்னால், ஆசிரியர் அல்லாத ஊழியர்களுக்கும் குழுவில் ஓர் இடம் கொடுப்போம் என்று கல்லூரிக்குத் திடீரென்று ஞானம் பிறந்தது. ஒப்புக்குச் சப்பாணிதான், ஆனாலும் ஓட்டு உண்டு. சமையல்கூடம், தோட்டம், கணினி அறை என்று யாரும் வாய் திறக்கவில்லை. தபால் அறையிலிருந்து மட்டும் ஒரு கை உயர்ந்தது. புத்தகத்தைப் பொட்டலம் கட்டி அனுப்புகிற அம்மா புத்தகத்தைப் பற்றி என்ன சொல்லப்போகிறார் என்று நாங்கள் நினைத்தோம். அவர் ஒவ்வொரு வருடமும் பட்டியலில் உள்ள ஆறு புத்தகத்தையும் அட்டையிலிருந்து அட்டைவரை படித்துவிட்டு வந்தார். பென்சிலால் ஓரத்தில் குறிப்பெழுதி வந்தார். எங்களுக்கு அது பெரிய தொல்லையாக இருந்தது.

அவருக்கு ஏன் இத்தனை வீம்பு என்று ஒரு நாள் கேட்டேன். அப்போதுதான் சொன்னார், 1979இல் அவரும் இதே கல்லூரியில் சேர்ந்த கதையை.

அவர்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் ட்வைலாதான். அந்தக் கோடையிலும் தபாலில் ஒரு புத்தகம் வந்தது. தன் பெயருக்கென்று வந்த முதல் பொட்டலம் அது என்பார். மாட்டுக்கொட்டகையில் பால் கறக்கிற நேரம் போக மிச்ச நேரமெல்லாம் அதையே இரண்டு முறை படித்தாராம். செப்டம்பரில் பன்னிரண்டு பேர் வட்டமாக உட்கார்ந்து பேசினார்கள். ஒவ்வொருவரும் அழகழகாகப் பேசினார்கள். ட்வைலா கையைத் தூக்கி, "கடைசில அந்த அண்ணன் வீட்டுக்குத் தீ வெச்சுட்டுப் போறானே, அது ஏன்?" என்று கேட்டார். நடத்திய ஆசிரியர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, "கதை நிகழ்ச்சிகளுக்குள்ள நாம ரொம்பப் போக வேண்டாமே" என்றார். பிள்ளைகள் சிரித்தார்கள். கேட்கக்கூடாத கேள்வியைக் கேட்டுவிட்டோம் போலும் என்று பதினெட்டு வயதுப் பெண் கூனிக் குறுகிப்போனார். அந்த அறையில் வேறு யாருமே புத்தகத்தை முடிக்கவில்லை என்பது அவருக்குப் புரிய ஒன்பது வருடம் ஆயிற்று. அதற்குள் கிறிஸ்துமஸோடு கல்லூரியை விட்டுவிட்டு, லோவல் ரென்னரைக் கல்யாணம் செய்துகொண்டு, தபால் அறையில் வேலைக்கும் சேர்ந்திருந்தார்.

"நான் முட்டாள்னு நெனச்சு ஓடிட்டேன், கணக்கு. அங்க இருந்த ஒரே யோக்கியமான ஆளு நாந்தான்னு அப்ப தெரியல" என்றார். சொல்லும்போது குரல் நடுங்கவில்லை. கோபம் மட்டும் நாற்பது வருடம் கழித்தும் அப்படியே இருந்தது.

இனி அந்த வருடத்துக் கதைக்கு வருகிறேன்.

ஜனவரிக் கூட்டம். ஆறு புத்தகத்தை இரண்டாக வடிகட்டியாகிவிட்டது. ஒன்று, நகரப் பேருந்து ஓட்டுநர் ஒருவர் தன் வழித்தடத்தைப் பற்றி எழுதிய சின்னப் புத்தகம். மற்றொன்று 'என் ஏணி என் கையில்'. எழுதியவர் பிராக் வான்டர்சால், எங்கள் கல்லூரியின் பழைய மாணவர், பெரிய பெரிய நிறுவனங்களைத் தலைகீழாகப் புரட்டி நிமிர்த்தியவர் என்று பின்னட்டையில் போட்டிருந்தது. பிள்ளைகள் அத்தனை பேருக்கும் இலவசமாகப் பிரதி தருகிறேன், பேசவும் சும்மாவே வருகிறேன் என்று சொல்லியிருந்தார். எங்கள் டீன் ஹாலிஸ் பெக்வித்துக்கு வாயெல்லாம் பல். கெட்ட மனிதர் இல்லை பெக்வித். எதையும் பூசி மெழுகியே பழகியவர், அவ்வளவுதான்.

நானும் முந்தைய கூட்டத்தில் அந்த ஏணிப் புத்தகத்தை ஆகா ஓகோ என்று புகழ்ந்திருந்தேன். முதல் நாற்பது பக்கம் நன்றாகத்தான் இருந்தது. ஏழைப் பையன், பேப்பர் போடுகிற வேலை, ஓட்டை சைக்கிள்.

"அப்போ ஒருமனதா முடிவு பண்ணிடலாமா?" என்றார் பெக்வித். "வான்டர்சால் கிட்ட நல்ல சேதி சொல்லணும்."

"ஒரு நிமிஷம், ஹாலிஸ்" என்றார் ட்வைலா. "ஓட்டுக்கு முன்னால ஒரு கேள்வி. இந்தப் புத்தகம் எப்படி முடியுது?"

சாண்ட்விச் காகிதம் ஒன்று சரசரத்தது.

"எப்படி முடியுதுன்னா...?" என்றார் பெக்வித்.

"கடைசி அத்தியாயத்துல என்ன வருது? சும்மா சொல்லுங்க. மார்கிட், நீங்க?"

மார்கிட் சோபல் இலக்கியப் பேராசிரியர். மேஜையைப் பார்த்துக்கொண்டு, "ஒட்டுமொத்தமா ஒரு நம்பிக்கை தர்ற தொனியில..." என்று இழுத்தார்.

"தொனி இருக்கட்டும். என்ன நடக்குது?"

"ட்வைலா, இது என்ன பரீட்சையா?"

"பிள்ளைங்களுக்கு மட்டுந்தான் பரீட்சையா? கணக்கு, நீங்க சொல்லுங்க. ரொம்பப் பிடிச்சிருந்துதுன்னீங்களே."

என் முகத்தில் ஈயாடவில்லை. சைக்கிளைப் பற்றி ஏதோ சொன்னேன்.

"சைக்கிள் முப்பத்தொண்ணாம் பக்கத்துல போயிடுச்சு" என்றார் ட்வைலா. பிறகு தன் பிரதியைத் திறந்தார். அதன் முதுகு முழுக்க மடிப்பு. "கடைசி அத்தியாயம் வரைக்கும்கூடப் போக வேணாம். இருநூத்திப் பதினாலு. படிக்கிறேன், கேளுங்க."

படித்தார். தடுமாறாமல், மளிகைச் சாமான் பட்டியல் வாசிக்கிற குரலில் படித்தார். வான்டர்சால் இப்படி எழுதியிருந்தார்: 'டால்பி ஆலையை மூடுவதற்குத் தலைமை அலுவலகம் என்னை அனுப்பியது. கடைசி நாள் காலையில் வாசலில் அறுநூறு டோனட் வைக்கச் சொன்னேன். நல்லெண்ணத்துக்காக. ஒருவர்கூடத் தொடவில்லை. டால்பியில் எங்களுக்கு வீணாய்ப் போனது அது ஒன்றுதான்.'

டால்பி எங்கள் ஊர். அது வாஷிங் மெஷின் ஆலை. இங்கே அதைச் சும்மா 'ஆலை' என்றே சொல்வோம், மூடிப் பதினான்கு வருடமான பிறகும். லோவல் ரென்னர் அதில் இருபத்திரண்டு வருடம் கதவு பொருத்துகிற வரிசையில் நின்றவர். அந்த வருடம் எங்களிடம் சேரப்போகிற நானூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகளில் பாதிப் பேர் இந்த மாவட்டத்துப் பிள்ளைகள். ஆலையில் வேலை போன அந்த அறுநூறு பேரின் பிள்ளைகள்.

இந்தத் தவற்றை எங்களைத் தவிர வேறு யாராலும் செய்திருக்க முடியாது. ஊரையே நக்கலடிக்கிற புத்தகத்தை, அந்த ஊர்க்காரர்களாகிய நாங்களே, ஊர்ப் பிள்ளைகளுக்கு, ஊக்கம் தரும் புத்தகம் என்று தேர்ந்தெடுக்கவிருந்தோம். நாற்பதாம் பக்கத்தில் நிறுத்திக்கொண்டதால்.

பெக்வித் தொண்டையைச் செருமினார். "ஒரு வரிதானே, ட்வைலா. முந்நூறு பக்கத்துல ஒரு வரி. இதை வெச்சே நல்ல உரையாடல்..."

"தொடங்கிடலாம், இல்ல?"

"உங்க வீட்டுக்காரர் அங்க வேலை பார்த்தவர். உங்க வருத்தம் எனக்குப் புரியுது. ஆனா சொந்தக் கோபத்தை..."

"ஆமா, சொந்தக் கோபந்தான்" என்றார் ட்வைலா. "புத்தகத்தைச் சொந்தமா எடுத்துக்கணும்னுதானே பிள்ளைங்களுக்கு அனுப்புறோம்? இல்ல, யாருக்கோ எழுதினதுன்னு படிச்சுட்டு மூடி வெக்கணுமா? நான் ஒட்டுற விலாசம் ஒவ்வொண்ணும் எனக்குத் தெரியும், ஹாலிஸ். கூப்பர் தெரு, மில் சந்து, பழைய ரயில் லைன். அந்த வீட்டு மேஜைல இது போய் விழும். பிள்ளை படிக்கலேன்னாலும் அப்பன் எடுத்துப் பாப்பான். இதைத்தான் காலேஜ் சொல்லித் தருதான்னு கேட்பான்."

ஓட்டெடுத்தார்கள். பேருந்து ஓட்டுநருக்கு நான்கு, ஏணிக்கு ஐந்து.

ஐந்தாவது கை என்னுடையது. போன கூட்டத்தில் புகழ்ந்துவிட்டோமே, இப்போது மாற்றினால் படிக்காமல் புகழ்ந்தது அம்பலமாகிவிடுமே என்று பயந்தேன். அது ஏற்கெனவே அம்பலமாகித்தான் இருந்தது. இருந்தாலும் கை தானாகத் தூக்கிக்கொண்டது. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என் மேலேயே எரிச்சல் வருகிறது.

அன்றைக்கே தபால் அறைக்குப் போனேன். ட்வைலா கம்பி வலைக்குப் பின்னால் கடிதங்களைப் பிரித்துக்கொண்டிருந்தார். மன்னிப்புக் கேட்கிற மாதிரி ஏதோ மென்று விழுங்கினேன்.

"மன்னிப்பெல்லாம் எனக்கு வேணாம், கணக்கு. புத்தகத்தை முடிச்சீங்களா?"

"இன்னும் இல்ல."

"அப்போ முடிச்சுட்டு வாங்க. படிக்காத புத்தகத்துக்கு எதுக்கு மன்னிப்பு?"

அந்த வாரம் முடித்தேன். கடைசி அத்தியாயத்தில் வான்டர்சால் புது வீட்டில் நீச்சல்குளம் கட்டுகிறார். மனிதரைத் தேடிப் பிடித்து உலுக்கவேண்டும் போலிருந்தது. அதைவிட என்னையே உலுக்கவேண்டும் போலிருந்தது.

ஜூன் வந்தது. நானூற்றுப் பன்னிரண்டு பிரதிகள் அட்டைப்பெட்டிகளில் வந்திறங்கின. ட்வைலா அனுப்ப மறுத்துவிடுவார் என்றுதான் நான் எதிர்பார்த்தேன். போய்ப் பார்த்தால், நீள மேஜை முழுக்கப் புத்தகங்கள். கையுறை போட்டுக்கொண்டு மும்முரமாக வேலை பார்க்கிறார். எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

எங்கள் வழக்கம் ஒன்றைச் சொல்லவேண்டும். ஒவ்வொரு புத்தகத்துக்குள்ளும் தபால்தலை ஒட்டிய ஒரு மஞ்சள் அட்டை வைப்போம். எழுதியவரிடம் என்ன கேட்க விரும்புகிறீர்கள் என்று பிள்ளைகள் அதில் எழுதி அனுப்பவேண்டும். செப்டம்பரில் மேடையில் அந்த அட்டைகளைப் பையிலிருந்து எடுத்து வாசிப்போம். பைக்குள் கையை விட்டு எடுப்பது ட்வைலா. குரல் எட்டும் என்பதால் வாசிப்பது நான். வருடத்துக்கு முப்பது, நாற்பது அட்டை திரும்பி வந்தால் அதிகம். அட்டை எப்போதும் முன்னட்டைக்கும் முதல் பக்கத்துக்கும் நடுவில் இருக்கும்.

அன்றைக்கு ட்வைலா புத்தகத்தைப் பின்பக்கமாகப் பிரித்துக்கொண்டிருந்தார். பிரித்து, உள்ளங்கையால் ஒரு அழுத்து அழுத்தி, அட்டையை வைத்து மூடினார். அடுத்தது. மறுபடியும் அதே இடம். பக்க எண்ணை நான் பார்க்கவே வேண்டியிருக்கவில்லை.

"முன்னாடிதானே வெப்பீங்க?" என்றேன்.

"எங்க வெக்கணும்னு எந்தத் தாள்ல எழுதியிருக்கு? காட்டுங்க."

எந்தத் தாளிலும் எழுதியிருக்கவில்லை.

"ஹாலிஸுக்குத் தெரிஞ்சா?"

"தெரியட்டுமே. புத்தகத்தை அனுப்புன்னாங்க, அனுப்புறேன். அட்டை வெய்யின்னாங்க, வெக்கிறேன். ஒரு எழுத்தை நான் அடிக்கல, ஒரு தாளை நான் கிழிக்கல. அந்தாளு எழுதினதை எல்லாரும் படிக்கட்டும்னுதானே ஆசைப்படுறேன்?" அழுத்தினார், புத்தகத்தின் முதுகு சட்டென்று ஓசையிட்டது. இனி அது தானாகவே அந்தப் பக்கத்தில் விரியும்.

நான் கோட்டைக் கழற்றிவிட்டு மஞ்சள் அட்டைக் கட்டிலிருந்து நாலை எடுத்தேன். ட்வைலா அவற்றை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

"வேணாம். நீங்க ஓட்டுப் போட்டாச்சு. இது என் வேலை."

கன்னத்தில் அறைந்தாற்போல் இருந்தது. நியாயம்தான். வெளியே வந்துவிட்டேன்; பெக்வித்திடம் மூச்சு விடவில்லை.

ஜூலை முதல் வாரத்திலேயே அட்டைகள் வரத் தொடங்கின. பதினைந்தாம் தேதிக்குள் நூறு தாண்டியது. ஆகஸ்டில் இருநூற்றுத் தொண்ணூற்று நான்கு. பல அட்டைகளில் பிள்ளைகளின் கையெழுத்துக்குக் கீழே பெரியவர்களின் கையெழுத்தும் இருந்தது. கட்டை கட்டையான எழுத்து, பேனா அழுந்தி மறுபக்கம் தெரிகிற எழுத்து. அட்டை உறையில்லாமல் வருவது, யாரும் படிக்கலாம். ட்வைலா எல்லாவற்றையும் படித்துவிட்டுச் சாம்பல் நிறத் தபால் பையில் போட்டுக் கட்டிவைத்தார்.

பெக்வித்துக்குச் சேதி எட்டியது. நேரே தபால் அறைக்கே வந்துவிட்டார். நான் அப்போது என் தபாலை எடுக்க அங்கே நின்றிருந்தேன்.

"ட்வைலா, மேடைக்குப் பத்துக் கேள்வி போதும். நல்லதா பத்து எடுத்துத் தனியா வெச்சுடுங்களேன். சைக்கிளைப் பத்தி, விடாமுயற்சி பத்தி..."

"தபாலைப் பொறுக்குறது என் வேலையில்ல, ஹாலிஸ். வந்ததைக் கொண்டு சேக்குறதுதான்."

"அவர் விருந்தாளியா வர்றார்."

"வரட்டும். நாற்காலி போட்டு உக்கார வெப்போம், தண்ணி குடுப்போம். பையில கையை விட்டு எது வருதோ அதை எடுப்பேன். பதினேழு வருஷமா அப்படித்தான் எடுக்கிறேன்."

பெக்வித்தின் காது சிவந்தது. "குழுவை இந்த வருஷம் மாத்தி அமைக்கலாம்னு ஒரு யோசனை இருக்கு. ஊழியர் நாற்காலி அவசியமான்னு பேசிக்கிட்டிருக்கோம்."

ட்வைலா சிரித்தார். உண்மையான சிரிப்பு. "நாற்காலிதானே? என் ரூம்ல நாலு கிடக்கு."

செப்டம்பர் ஐந்து. கூடைப்பந்து அரங்கில் பிள்ளைகள் நிறைந்திருந்தார்கள். வழக்கமாகக் காலியாகக் கிடக்கும் மேல்வரிசையில் பெரியவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். தொப்பியைக் கழற்றி முழங்கால்மேல் வைத்துக்கொண்டு, பேசாமல். லோவல் ரென்னர் நான்காவது வரிசை ஓரம். நிகழ்ச்சி எல்லாருக்கும் திறந்ததுதான், ஆனால் ஊரிலிருந்து யாரும் வந்து நான் பார்த்ததில்லை.

வான்டர்சால் நன்றாகப் பேசினார். அதையும் சொல்லத்தான் வேண்டும். சிரித்த முகம், சட்டைக் கையை மடித்துவிட்ட தோரணை, சைக்கிள் கதை. பிள்ளைகள் சில இடங்களில் சிரிக்கவும் செய்தார்கள். பிறகு கேள்வி நேரம். ட்வைலா பையை மேடைக்குத் தூக்கி வந்தார். அத்தனை பெரிய பையைப் பார்த்து வான்டர்சாலுக்குப் பெருமை தாங்கவில்லை. "இவ்வளவு கேள்வியா!" என்றார்.

முதல் அட்டை, காலையில் எத்தனை மணிக்கு எழுந்திருப்பீர்கள் என்று கேட்டது. நாலரை என்றார். இரண்டாவது அட்டையை நான் வாசித்தேன்: 'அந்த டோனட் எந்தக் கடையில் வாங்கினீர்கள்?' மேல்வரிசையில் யாரோ இருமினார்கள். அவர் சிரித்து, ஞாபகமில்லை என்றார். மூன்றாவது: 'ஆலையை மூடினதுக்கு வாங்கின பணம் உங்க ஏணியில எத்தனாவது படி?' நான்காவது: 'எங்க தாத்தா கேட்கச் சொன்னார். அவர் பெயர் உங்களுக்குத் தெரியுமா?' தாத்தாவின் பெயர் அட்டையில் இல்லை.

"பாருங்க, அது ஒரு வேடிக்கைக்கு எழுதினது" என்றார் வான்டர்சால். மடித்த சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டார். "எனக்கும் அது கஷ்டமான நாள்தான். புத்தகத்தை முழுசாப் படிச்சா அது புரியும்."

"முழுசாப் படிச்சுட்டோம்" என்றது ஒரு குரல் மேலிருந்து. அரங்கம் மொத்தமும் சிரித்தது. எங்கள் குழுவின் வரிசையில் மட்டும் யாரும் சிரிக்கவில்லை.

ட்வைலா மறுபடி பைக்குள் கையை விட்டார். கண்ணை மேடை விளக்கில் வைத்துக்கொண்டு, அடியாழத்தில் துழாவி ஒன்றை எடுத்து என்னிடம் கொடுத்தார். உருண்டை எழுத்து, நீலப் பேனா. நான் வாசிக்க ஆரம்பித்தேன்.

'யாரும் தொடலைன்னு எழுதியிருக்கீங்க. அது தப்பு. எங்க அம்மா ரெண்டு எடுத்தாங்க. எனக்கு ஒண்ணு, தம்பிக்கு ஒண்ணு. எனக்கு அப்ப நாலு வயசு. எங்களைக் கூட்டிட்டுப் போக வந்தப்போ கோட்டுப் பையிலேர்ந்து காகிதத்துல சுத்தி எடுத்துக் குடுத்தாங்க. சர்க்கரை தூவினது. நாங்க தின்னு முடிக்கிற வரைக்கும் அம்மா காரை எடுக்கல. ஸ்டியரிங்கைப் புடிச்சுக்கிட்டு சும்மா உக்காந்திருந்தாங்க. அது வீணாப் போகல. அடுத்த பதிப்புல திருத்திடுங்க.'

கடைசி வரிகளில் என் குரல் உடைந்துவிட்டது. எட்டும் குரல் என்று பெயர் வாங்கியவன் நான். முன்வரிசையில் இருப்பவர்களுக்குக்கூடக் கேட்டதோ என்னவோ. திரும்ப ஒருமுறை, சத்தமாக, முதலிலிருந்து வாசித்தேன். அது நான் செலுத்தவேண்டிய ஓட்டு என்று எனக்குத் தோன்றியது.

வான்டர்சால் ஒலிவாங்கியை வாய்க்குக் கொண்டுபோனார், இறக்கினார். "இதை எழுதினது யாரு?" என்றார்.

மூன்றாவது வரிசையில் ஒரு பெண் எழுந்து நின்றாள். சிவந்த முடி, கல்லூரி கொடுத்த புது டி-ஷர்ட். "நான்தான். காலி ஸ்ட்ரவுப். எங்க அம்மா மேல உக்காந்திருக்காங்க."

"மிஸ் ஸ்ட்ரவுப், நான் என்ன சொல்றதுன்னு..."

"நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம். அதுல கேள்வியே இல்ல. திருத்தினாப் போதும்."

உட்கார்ந்துகொண்டாள். மேல்வரிசையில் ஒரு பெண்மணி இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். பக்கத்தில் இருந்தவர் அவர் முதுகில் கை வைத்தார். 1979இல் வட்டமாகப் போட்ட நாற்காலி ஒன்றில் கூனிக் குறுகிய இன்னொரு பெண்ணை நான் நினைத்துக்கொண்டேன். ட்வைலா அந்தப் பக்கம் பார்க்கவில்லை; பையின் வாயைப் பிடித்தபடி நின்றிருந்தார். ஆனால் அவர் தாடை இறுகியிருந்தது, கண் நிறைந்திருந்தது.

பெக்வித் அவசரமாக எழுந்து மேடைப் படியில் கால் வைத்தார். "மிக அருமையான உரையாடல். நேரமாயிடுச்சு, நம்ம விருந்தினருக்கு எல்லாரும் கை தட்டி..."

"உக்காருங்க, ஹாலிஸ்" என்றார் ட்வைலா. "பையில இன்னும் இருக்கு."

கையை உள்ளே விட்டார்.